பால்ய நினைவும் திகிலும்: நான்கு நாவல்களில் எதை முதலில் எடுப்பது?

வளர்ந்த ஒருவர் தன் சின்ன வயதில் நடந்ததைச் சொல்ல ஆரம்பிக்கிறார். சொல்லச் சொல்ல, அந்த வீட்டில் உண்மையில் என்னதான் நடந்தது என்று நமக்கு வயிறு கலங்குகிறது. திகில் நாவல்களில் எனக்கு மிகவும் பிடித்த வகை இது. இந்த வகையில் ஒன்றைப் படிக்கத்தான் நேரம் இருக்கிறது, எதை எடுக்கலாம் என்று விசாரித்தால் நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: ஸ்டீபன் கிங் எழுதிய 'இட்' (1986), நீல் கெய்மனின் 'தி ஓஷன் அட் தி எண்ட் ஆஃப் தி லேன்' (2013), ஆண்ட்ரூ மைக்கேல் ஹர்லியின் 'தி லோனி' (2014), பால் ட்ரெம்ப்ளேயின் 'எ ஹெட் ஃபுல் ஆஃப் கோஸ்ட்ஸ்' (2015). நான்கிலும் குழந்தைகள், நான்கிலும் பல வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கும் பெரியவர்கள். ஆனால் ஒன்றில் கிடைப்பது இன்னொன்றில் கிடைக்காது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றே ஒன்று என்றால் 'எ ஹெட் ஃபுல் ஆஃப் கோஸ்ட்ஸ்'. அது ஏன் என்று விளக்க மற்ற மூன்றையும் பார்த்தாக வேண்டும்.

நான் கேட்டுப் பார்க்கிற கேள்வி இதுதான்: நினைவு கூர்வது இந்தக் கதையில் என்ன வேலை செய்கிறது? பல நாவல்களில் 'அப்போது எனக்கு எட்டு வயது' என்பது கதைக்குள் நுழைய ஒரு வாசல், அவ்வளவுதான். உள்ளே போனதும் சொல்பவரை மறந்துவிடுவோம். அப்படி இல்லாமல், இவர் ஏன் இதை இப்போது சொல்கிறார், எதை விட்டுவிட்டுச் சொல்கிறார் என்ற சந்தேகம் கடைசிப் பக்கம் வரை கூடவே வருமானால், அந்த நாவல் என்னைத் தூங்க விடாது. இந்த நான்கையும் அந்தச் சந்தேகத்தை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

முதலில் 'இட்'. முதல் பதிப்பு 1138 பக்கம். அமெரிக்காவில் 1986இல் அதிகம் விற்ற நாவல் இதுதான். மெய்ன் மாநிலத்தில் டெர்ரி என்று ஒரு கற்பனை ஊர். 1957 அக்டோபரில் ஜார்ஜி என்ற ஆறு வயதுப் பையன் மழைத்தண்ணீரில் விட்ட காகிதக் கப்பலின் பின்னால் ஓடி, தெருவோர வடிகாலுக்குள் இருக்கும் கோமாளியிடம் மாட்டுகிறான். எல்லோரும் அந்தக் கோமாளியைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதற்குச் சற்று முன்னால் வரும் காட்சிதான் பெரிது. கப்பல் ஊறிப்போகாமல் இருக்க மெழுகு பூச வேண்டும். மெழுகோ நிலவறையில் இருக்கிறது. ஜார்ஜிக்கு அந்தக் கதவைத் திறக்கவே பிடிக்காது. சுவிட்சைத் தேடி இருட்டுக்குள் கையை நீட்டும்போது, நகம் முளைத்த ஏதோ ஒன்று மெதுவாக மணிக்கட்டின் மேல் வந்து உட்காரும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. இருட்டில் சுவிட்சைத் தடவிய எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். கிங் அதை அப்படியே எழுதியிருக்கிறார்.

இந்த நாவலில் மறதிக்குக் காரணமே கோமாளி உருவில் வரும் அந்தப் பிசாசுதான். சிறுவர்களாக அதை எதிர்த்து நின்ற ஏழு பேரில் ஆறு பேர் ஊரை விட்டுப் போகிறார்கள். போனவர்களுக்கு எதுவும் நினைவில் இல்லை. டெர்ரியிலேயே தங்கி நூலகராக வேலை பார்க்கும் மைக் ஹான்லனுக்கு மட்டும் எல்லாம் நினைவிருக்கிறது. 27 வருடம் கழித்து அவன் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட, அவர்களுக்குத் தங்கள் பால்யம் துண்டு துண்டாகத் திரும்புகிறது. பெவர்லி என்ற சிறுமியின் வீட்டுக் குளியலறையில் கைகழுவும் தொட்டியிலிருந்து ரத்தம் பீறிட்டுச் சுவரெல்லாம் தெறிக்கும். அவள் அப்பா வந்து பார்ப்பார், அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு நண்பர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு அந்த ரத்தம் தெரிகிறது. பேசாமல் துணியும் வாளியும் எடுத்து எல்லோரும் சேர்ந்து கழுவுகிறார்கள். குழந்தைகளின் நட்பைப் பற்றி இவ்வளவு நன்றாக எழுதப்பட்ட பக்கங்களை நான் வேறு திகில் நாவலில் பார்த்ததில்லை.

படம் பார்த்துவிட்டேன், புத்தகம் எதற்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் வந்த இரண்டு படங்களும் கதையைப் பிரித்துவிட்டன: சிறுவர் காலம் ஒரு படம், பெரியவர் காலம் இன்னொரு படம். நாவலில் இரண்டு காலமும் பின்னிப் பின்னித்தான் வரும். ஒருவர் டெர்ரித் தெருவில் நடக்கும்போதுதான் அந்தத் தெருவில் அன்று நடந்தது அவருக்கும் தெரியவரும், நமக்கும் தெரியவரும். பிரித்ததும் அந்தப் பின்னல் போய்விட்டது.

ஆனாலும் முதல் தேர்வாக 'இட்'டை நான் சொல்ல மாட்டேன். அளவு ஒரு காரணம். இன்னொன்று, முடிவை நெருங்கும்போது சாக்கடைக்குள் அந்தச் சிறுவர்களை வைத்து ஒரு பகுதி வருகிறது. அதை எழுதியிருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மேலும், இங்கே மைக் சொல்வதை நாம் சந்தேகிக்க வேண்டிய அவசியமே இல்லை. பிசாசு இருக்கிறது, அது கெட்டது, அதைக் கொல்ல வேண்டும். எல்லாம் தெளிவு.

'ஓஷன்' அளவில் இதற்கு நேர்மாறு. ஒரு சாயங்காலம் எடுத்தால் ராத்திரிக்குள் முடித்துவிடலாம். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் சாவு வீட்டுக்காக இங்கிலாந்தின் சசெக்ஸில் உள்ள சொந்த ஊருக்கு வருகிறார். சடங்கு முடிந்ததும் தெருக்கோடியில் இருக்கும் பண்ணை வீட்டின் வாத்துக் குளத்தருகே போய் உட்கார, ஏழு வயதில் நடந்ததெல்லாம் திரும்புகிறது. வீட்டில் வாடகைக்கு இருந்தவர் குடும்பத்தின் காரை எடுத்துப் போய் அதற்குள்ளேயே தற்கொலை செய்துகொள்வதில் கதை தொடங்குகிறது. கெய்மன் குழந்தையாக இருந்தபோது அவர் வீட்டில் நடந்த சம்பவம்தான் இது. அவருக்கே வளர்ந்து வெகுநாள் கழித்துத்தான் தெரிய வந்தது.

இதில் மாயமும் மந்திரமும் நிறைய. ஆனால் என்னை உலுக்கியது மாயம் எதுவும் இல்லாத ஓர் இடம். புதிதாக வேலைக்கு வந்த உர்சுலா மாங்டனிடம் பையன் மரியாதையில்லாமல் நடந்துகொண்டான் என்று அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிர்ந்த தண்ணீர் நிறைந்த தொட்டியில் அமுக்குகிறார். பையன் அவருடைய டையைப் பிடித்துத் தொங்கித்தான் உயிர் பிழைக்கிறான். அவ்வளவு நேரமும் அப்பா அப்பாவாகவேதான் இருக்கிறார், அதுதான் கொடுமை. இதற்கு நேரெதிராக, மிகச் சிறிய ஓர் இடமும் உண்டு. அப்பா எப்போதும் ரொட்டியைக் கருக்கிவிட்டு, கருகிய ரொட்டிதான் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லிச் சாப்பிடுவார். பல வருடம் கழித்து, ஒருநாளும் பிடித்ததில்லை, வீணாகக் கூடாது என்றுதான் சாப்பிட்டேன் என்கிறார். அந்த ஒரு கணம் மகனுக்குத் தன் பால்யம் முழுவதுமே பொய்யாகத் தோன்றுகிறது. நினைவைப் பற்றி அந்த நாவல் சொல்வதில் ஆகச் சிறந்தது இதுவே என்பேன்.

ஆங்கிலம் எளிது. திகில் புதிது என்பவர்களுக்கும், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் ஏற்றது. ஆனால் படித்து முடித்ததும் மனதில் தங்குவது ஏக்கம்தான், பயம் இல்லை. அந்தப் பண்ணை வீட்டில் வாழும் ஹெம்ப்ஸ்டாக் குடும்பத்துப் பெண்கள் மூவரும் அந்தப் பையனைப் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை நமக்கு எப்போதும் இருக்கிறது. இன்னொரு விஷயமும் தேர்வில் சிலருக்கு முக்கியமாக இருக்கும்: 2024 முதல் கெய்மன் மீது பல பெண்கள் பாலியல் குற்றச்சாட்டுகளை வைத்திருக்கிறார்கள், அவர் மறுத்து வருகிறார். இதைத் தெரிந்துகொண்டு வாங்குவதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு.

மிச்சம் இரண்டு. என்னை உண்மையில் யோசிக்க வைத்த போட்டி இவற்றுக்குள்தான்.

'தி லோனி'யை முதலில் டார்ட்டரஸ் என்ற சிறு பதிப்பகம் மிகக் குறைந்த பிரதிகளோடு வெளியிட்டது. அடுத்த வருடம் ஜான் மரே பதிப்பகம் எடுத்துப் போட, 2015இன் காஸ்டா முதல் நாவல் விருது கிடைத்தது. இடம், இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் கடற்கரை. வயர், லூன் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே எதிலும் சேராத ஒரு துண்டு நிலம். அலை ஏறும் வேகம்தான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இது கதாசிரியர் பயமுறுத்துவதற்காகச் சேர்த்தது இல்லை. அதை ஒட்டிய மோர்கம் விரிகுடாவில் 2004 பிப்ரவரியில் ராத்திரி நேரத்தில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் அலை சூழ்ந்து இறந்துபோனார்கள். அந்த மணலைப் பற்றி ஹர்லி எழுதும்போது நாம் நம்புகிறோம்.

1970களில், ஒரு லண்டன் தேவாலயத்தைச் சேர்ந்த சிறு கூட்டம் ஈஸ்டரை ஒட்டி அங்கே யாத்திரை வருகிறது. வாய் பேசாத ஹேனியை அங்குள்ள புனித ஊற்றின் தண்ணீர் குணமாக்கிவிடும் என்று அவன் அம்மா உறுதியாக நம்புகிறாள். கதையைச் சொல்பவன் ஹேனியின் சகோதரன். அவன் பெயர் நமக்குத் தெரியாது. புதிதாக வந்த பாதிரியார் பெர்னார்ட் வைத்த பட்டப்பெயர் மட்டும்தான் தெரியும். அவர்கள் தங்கும் மூரிங்ஸ் என்ற வீட்டைக் கட்டியவர் விலங்குகளைப் பாடம் செய்பவர். ஹேனி பேசுவது பொருட்களைக் காட்டித்தான். எந்தப் பொருளைக் காட்டினால் என்ன அர்த்தம் என்பது அந்தச் சகோதரனுக்குத்தான் புரியும். பெரியவர்கள் ஹேனியின் தலைக்கு மேலே ஜெபித்துக்கொண்டிருக்க, அவன் என்ன சொல்ல வருகிறான் என்று தெரிந்தவன் ஒரு சிறுவன் மட்டுமே. நாவலில் எனக்கு நெஞ்சை அடைத்தது இந்த ஏற்பாடுதான்.

தவக்காலம், நோன்பு, பாவசங்கீர்த்தனம், சிலுவைப் பாதை என்று கத்தோலிக்க வழிபாடு கதை முழுக்க வருகிறது. கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு இந்த நாவல் மற்றவர்களைவிட ஆழமாகப் பதியும். ஒறுத்தல், அதாவது பக்திக்காகத் தன்னை வருத்திக்கொள்வது, எந்த இடத்தில் பக்தியிலிருந்து விலகிக் கொடுமையாக மாறுகிறது என்பதை அந்த அம்மாவைப் பார்த்ததுமே அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

முப்பது வருடம் கழித்து, புயலில் மண் சரிந்து ஒரு குழந்தையின் எலும்புகள் வெளியே வருவதில்தான் நாவல் ஆரம்பிக்கிறது. சொல்பவன் அதற்காகத்தான் நினைவைக் கிளறுகிறான். அவன் நம்மிடம் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. ஆனால் எதையோ சொல்லாமல் விடுகிறான். முக்கியமான அந்த இரவில் என்ன நடந்தது என்பதைக் கிட்டத்தட்ட ஓரமாக நின்றுதான் நாம் பார்க்கிறோம். இதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் பொறுமை வேண்டும். முதல் பாதியில் மழை, சாப்பாடு, ஜெபம், பெரியவர்களின் மனஸ்தாபம் என்று மெல்லத்தான் நகரும். இப்போதுதான் இந்த வகைக்குள் வருகிற ஒருவர் நூறாவது பக்கத்தில் மூடி வைத்துவிட வாய்ப்பு அதிகம். அப்படி மூடப்பட வேண்டிய புத்தகம் இல்லை இது. அதனால்தான் இதை இரண்டாவதாகப் படியுங்கள் என்கிறேன்.

சரி, 'எ ஹெட் ஃபுல் ஆஃப் கோஸ்ட்ஸ்'. மாசசூசெட்ஸில் பெவர்லி என்ற ஊர். பாரெட் குடும்பம். அப்பா பொம்மைத் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்து, வேலை போய், வீட்டுக் கடனைக் கட்ட முடியாமல் தவிக்கிறார். மூத்தவள் மார்ஜோரிக்கு 14 வயது. அவள் நடத்தை மாறுகிறது. மருத்துவரிடம் காட்டுவோம் என்கிறாள் அம்மா. பாதிரியாரிடம் போவோம் என்கிறார் அப்பா. கடைசியில் பணத்துக்காக வீட்டுக்குள் தொலைக்காட்சிக் கேமரா வருகிறது. பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஒரு ரியாலிட்டி நிகழ்ச்சி. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் எட்டு வயது மெர்ரி. 15 வருடம் கழித்து, 23 வயதில், புத்தகம் எழுத வந்த ரேச்சல் என்ற எழுத்தாளரிடம் அவள் சொல்வதுதான் கதை.

நினைவு என்பதை இந்த நாவல் கையாளும் விதம் மற்ற மூன்றிலும் இல்லை. மெர்ரி ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறாள்: என் நினைவுகளோடு கெட்ட கனவுகள் கலந்திருக்கின்றன, உறவினர்கள் சொன்னவை கலந்திருக்கின்றன, அந்த நிகழ்ச்சியும் ஊடகங்களும் பரப்பியவை கலந்திருக்கின்றன. யோசித்துப் பாருங்கள், தன் வீட்டில் நடந்ததை அவள் டிவியிலும் பார்த்திருக்கிறாள். தான் நேரில் கண்டது எது, எடிட் செய்து காட்டப்பட்டது எது என்று அந்தக் குழந்தையால் எப்படிப் பிரிக்க முடியும்? போதாததற்கு, நாவலின் நடுநடுவே அந்த நிகழ்ச்சியை அலசி ஒருவர் எழுதும் இணையப் பதிவுகளும் வருகின்றன. இந்தக் காட்சி எந்தப் பழைய பேய்ப் படத்திலிருந்து வந்தது, அந்தக் கேமராக் கோணம் ஏன் என்று பிட்டுப் பிட்டு வைக்கிறார். வழக்கமாக இவ்வளவு விளக்கம் பயத்தைக் கொன்றுவிடும். இங்கே கொல்லவில்லை. அலசல் முடிந்து மெர்ரியின் குரல் திரும்பும்போது, விளக்கத்துக்குள் அடங்காத ஒன்று அந்த வீட்டில் மிச்சம் இருப்பது தெரிகிறது.

இரண்டு இடங்களைச் சொல்கிறேன், கதை கெடாது. அக்காவும் தங்கையும் கதை சொல்லி விளையாடுவது வழக்கம். ஒருநாள் மார்ஜோரி பாஸ்டனில் வெல்லப்பாகு வெள்ளம் வந்த கதையைச் சொல்கிறாள். அது நிஜமாகவே நடந்தது. 1919 ஜனவரி 15 அன்று நகரின் வடக்குப் பகுதியில் ஒரு பிரம்மாண்டமான பாகுத் தொட்டி உடைந்து தெருவெல்லாம் பாய்ந்ததில் 21 பேர் இறந்தார்கள். எட்டு வயதுத் தங்கைக்கு அக்கா அதை விலாவாரியாகச் சொல்கிறாள். நல்ல கதை சொல்லு என்று தங்கை கெஞ்சுகிறாள். பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. அக்காவின் குரலில் எங்கோ ஒரு நூலிழை விலகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று ஒரு கடிதம். நீ தூங்கும்போது உன் அறைக்கு வருகிறேன், பல வாரமாக வருகிறேன், தூங்கும்போது நீ அவ்வளவு அழகு, நேற்று ராத்திரி நீ வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும் வரை உன் மூக்கைப் பிடித்திருந்தேன் என்று அக்கா எழுதி வைக்கிறாள். கடிதத்தில் செல்லப் பெயர் இருக்கிறது, வாஞ்சை இருக்கிறது. அடுத்து இன்று ராத்திரி நீ என் அறைக்கு வா என்ற அழைப்பு. மெர்ரி போகிறாள். அக்காவைத் தங்கைக்கு அவ்வளவு பிடிக்கும். நாவல் முழுக்க மெர்ரியின் பயத்தைவிட அவளுடைய பாசம்தான் எனக்கு அதிகக் கலக்கம் தந்தது.

மார்ஜோரிக்கு வந்தது மனநோயா, பேயா, அல்லது குடும்பத்தைக் காப்பாற்ற அவளே போட்ட நாடகமா? மூன்றுக்கும் ஆதாரம் இருக்கிறது. ட்ரெம்ப்ளே எதையும் முடித்து வைக்கவில்லை. ஆனால் ஒன்றில் அவர் தெளிவாக இருக்கிறார்: சுற்றியிருந்த பெரியவர்களில் யாரும் அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து கேட்கவில்லை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியதை நினைவில் வைத்திருக்கும் தமிழ் வாசகர், சிகிச்சையா பேயோட்டலா என்று அந்த அப்பாவும் அம்மாவும் சண்டை போடும் பக்கங்களை வெறும் கதையாகப் படிக்க முடியாது.

குறை இல்லாமல் இல்லை. இணையப் பதிவுகளில் வலிந்து வரவழைத்த துள்ளல் நடை சிலருக்கு எரிச்சல் தரும். மொழியழகில் 'லோனி'க்குப் பக்கத்தில்கூட இது வராது. அப்பாவின் பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே போய் எழுதியிருக்கலாம். ஆனால் சொல்பவர் மேல் சந்தேகம் என்ற அந்த ஒரு தராசில் இதுதான் கீழே இறங்குகிறது. மெர்ரியை நாம் நேசிக்கிறோம், நம்பவும் விரும்புகிறோம், நம்பினால் என்ன ஆகும் என்றும் பயப்படுகிறோம். திகில் எழுத்துக்குத் தரப்படும் பிராம் ஸ்டோக்கர் விருதுகளில் 2015ஆம் ஆண்டின் சிறந்த நாவலுக்கான விருது இதற்குத்தான் போனது. பொருத்தமான தேர்வு.

யாருக்கு எது என்று கேட்டால், நீண்ட விடுமுறையும் பெரிய உலகத்துக்குள் தொலைந்துபோகும் ஆசையும் இருப்பவர்கள் 'இட்'டுக்குப் போகலாம். பயம் கொஞ்சம், மனம் நெகிழ்வது அதிகம் என்று வேண்டுமானால் 'ஓஷன்'. ஏற்கெனவே நிறையத் திகில் படித்து, திடுக்கிட வைக்கும் உத்திகளில் சலித்துப்போனவர்கள் நேராக 'லோனி'யை எடுங்கள், என் வரிசையைப் பொருட்படுத்த வேண்டாம். வீட்டில் யாருக்காவது மனநலச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் 'ஹெட் ஃபுல்'லை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அதில் தற்கொலையைப் பற்றிய பேச்சும், ஒரு சிறுமியின் உடலுக்கு நேரும் வேதனையும் ஒளிவுமறைவில்லாமல் வருகின்றன.

மற்றவர்கள் அதை வாங்கும்போது பெயரை மட்டும் பார்த்து வாங்குங்கள். இணையத்தில் தேடினால், கடைசிப் பகுதியில் நடப்பதை எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைக்கும் விமர்சனங்கள் கண்ணில் படும். முடித்த கையோடு, மெர்ரி ரேச்சலை அந்தப் பழைய வீட்டு வாசலில் சந்திக்கும் முதல் அத்தியாயத்தை இன்னொரு முறை படியுங்கள். முதல் தடவை சாதாரணமாகக் கடந்துபோன அவளுடைய பதில்களுக்கு இப்போது வேறு கனம் இருக்கும்.